மட்டி வளர்த்த கணக்கு

போன வாரம் ஊருக்கு வந்திருந்த ஒரு சென்னைத் தம்பி, "அண்ணே, மட்டிக்குத் தீனியே போட வேண்டாமாமே? அப்ப போட்டதெல்லாம் லாபம்தானே?" என்று கேட்டார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

எங்க ஊர் வெள்ளாறு கடலில் கலக்கிற பக்கம். உப்பங்கழிச் சேற்றில் மட்டி தானாகவே கிடக்கும். தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசியைத் தின்று, மீதியை வெளியே விட்டுவிடும். அவ்வளவுதான் அதோட சாப்பாடு.

அதுக்கு முன்னாடி நான் இறால் குட்டை போட்டவன். வனாமி இறாலுக்குச் செலவில் பாதிக்கு மேல தீனிக்கே போகும். ராத்திரி பகலா காத்தாடி ஓடணும், கரண்ட் போனா டீசல். 42ஆம் நாள் வெண்புள்ளி நோய் வந்து மொத்தமும் செத்து மிதந்தது. வீட்டுக்காரம்மா நகை இன்னும் முழுசா திரும்பி வரல. அதனால மச்சான் வந்து, "மாமா, மட்டி விட்டுப் பார்ப்போம், பெரிசா கை கடிக்காது" என்றதும் சரின்னுட்டேன்.

வடகிழக்கு மழை முடிந்து தண்ணீரில் உப்பு ஏறினதும், தை மாசம் 5 சென்ட் அளவுக்குச் சவுக்குக் கம்பு நட்டு வலை கட்டினோம். நண்டு உள்ளே வந்தா குஞ்சை உடைச்சுத் தின்னுடும், அதுக்குத்தான் வலை. நெருக்கமாக் கிடந்த இடத்திலிருந்து குஞ்சு பொறுக்கி வந்து விரவினோம். ஐப்பசி வெள்ளம் வரதுக்குள்ள எடுத்துடணும். நல்ல தண்ணீர் நாள்கணக்கில் நின்னா மட்டி வாயைத் திறந்து செத்துப்போகும்.

கணக்கு இதுதான். கம்பும் வலையும் 4,350 ரூபாய். குஞ்சு பொறுக்கின கூலி 3,600. எடுத்த கூலி 2,400. மொத்தம் 10,350.

ஆனியில் 600 கிலோ எடுத்தோம். ஓட்டோட கிலோ 15 ரூபாய்க்குத்தான் வியாபாரி கேட்டார். அப்படிக் கொடுத்தா 9,000, நஷ்டம். அதனால கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, வேகவைத்து, சதையைப் பிரித்து விற்றோம். 10 கிலோ மட்டிக்கு ஒரு கிலோ சதைதான் தேறுது. 60 கிலோ சதை, கிலோ 250. அது 15,000. ஓட்டைச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போட்டதில் 900. செலவு போக மிச்சம் 5,550 ரூபாய். எனக்குச் சந்தோஷம் தாங்கல.

நோட்டை எட்டிப் பார்த்த வீட்டுக்காரம்மா கேட்டா: "நானும் உங்க மச்சான் சம்சாரமும் எட்டு நாள் உக்காந்து சதை பிரிச்சோமே, அது எந்த வரியில இருக்கு?"

எந்த வரியிலும் இல்லை. எங்க ஊர்ல பொம்பளை ஆள் கூலி 350. ரெண்டு பேர், எட்டு நாள்: 5,600. அதையும் எழுதினா 50 ரூபாய் நஷ்டம்!

நெல்லுக்கு ஆதார விலை வைக்கும்போது அரசாங்கமே குடும்ப உழைப்பைச் செலவில் சேர்க்குது. நான் இத்தனை வருஷமா நெல்லுக்கும் சேர்த்ததில்லை, மாட்டுக்கும் சேர்த்ததில்லை. லாபம்னு நான் சொன்னதில் எத்தனை அவ கூலியோ தெரியல.

மறு வருஷம் மாத்திக்கிட்டோம். எடுத்த மட்டியை ஒரு ராத்திரி சுத்தமான உப்புத் தண்ணியில போட்டு மணலைக் கக்க விட்டோம். மணல் இல்லாததால ஒரு ஓட்டல்காரர் ஓட்டோடயே கிலோ 30க்கு எடுத்துக்கிட்டார். ஆனா வாரத்துக்கு 40 கிலோதான் அவருக்கு வேணும். மீதியை இப்பவும் பிரிச்சுத்தான் விக்கிறோம், கூலி எழுதி, கையில கொடுத்து.

இன்னொரு விஷயமும் இருக்கு தம்பி. கழி புறம்போக்கு. நாளைக்கே யாராவது வேலியை எடுன்னா எடுத்துடணும். சாக்கடை கலக்கிற இடத்துப் பக்கம் போகவே கூடாது, தண்ணீரில் இருக்கிற கிருமியும் மட்டிக்குள்ளதான் சேரும்.

இறாலில் ஒரே ராத்திரியில் நகை போச்சு. மட்டியில் மொத்தமும் போனாலும் 10,000த்தோட நிக்கும். அதுக்காகத்தான் இதை விடாம செய்யறேன். பெரிய பணம் வரும்னு நம்பி யாரும் வேலையை விட்டுட்டு வந்துடாதீங்க.

இந்த வருஷ நோட்டில் கூலி வரியை வீட்டுக்காரம்மாதான் எழுதறா. 350 இல்லையாம், 400ஆம்.