லாங்வுட் சோலையும் அப்பாவின் மனையும்

திண்டிவனத்துக்காரனுக்குக் குளிர் என்றால் மார்கழி மாதத்துக் காலை ஆறு மணி. அதற்கு மேல் தெரியாது. அப்படிப்பட்ட நானும் வகுப்பு நண்பர்கள் மூன்று பேரும் (எல்லோரும் பி.காம். மூன்றாம் ஆண்டு, தினமும் விழுப்புரத்துக்கு ரயிலில் போய் வரும் கூட்டம்) போன மாசி மாதம் நீலகிரிக்குக் கிளம்பினோம்.

முதலில் போட்ட திட்டம் முக்குருத்தி தேசியப் பூங்கா. வரையாடுகளுக்காக 1990-ல் தேசியப் பூங்காவாக ஆன இடம். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அங்கே நினைத்தபடி உள்ளே போய்ப் பாய் விரித்துச் சாப்பிட முடியாது என்று. சரி, கோத்தகிரி லாங்வுட் சோலையாவது பார்ப்போம் என்று வனத்துறையிடம் அனுமதி வாங்கினோம். விழுப்புரத்தில் பஸ் ஏறி, சேலம், கோவை, மேட்டுப்பாளையம் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது இடுப்பு கழன்று போயிருந்தது.

சோலை என்ற சொல்லைப் பாட்டில் கேட்டிருக்கிறோம். ஆனால் அது ஒரு காட்டு வகையின் பெயர், நம் தமிழ்ச் சொல்லைத்தான் உலகம் முழுக்க அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். 1968-ல் வந்த இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் இது மலைப்பகுதியின் ஈரமான மிதவெப்பக் காடு. டாஸ்மேனியா, நியூசிலாந்து பக்கமெல்லாம் இருக்கும் குளிர் மழைக்காட்டுக்கு நம் ஊர்ப் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம்.

லாங்வுட் மொத்தமே 116 ஹெக்டேர்தான். உள்ளே போனதும் பகல் பதினோரு மணி சாயங்காலம் ஆகிவிட்டது. மரங்கள் உயரம் இல்லை. கோணல்மாணலாக, உடம்பெல்லாம் பாசி போர்த்திக்கொண்டு நின்றன. நீலகிரிச் சிரிப்பான் என்று ஒரு பறவை, பெயருக்கேற்ற மாதிரி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

கூட வந்த வனக் காவலர் அண்ணன் ஓரிடத்தில் நின்று, "கையை உள்ள விடு தம்பி" என்றார். காய்ந்த சருகை விலக்கிக் கையை விட்டேன். முழங்கை வரை போனது. அள்ளிப் பிழிந்தால் விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டியது. "மூணு வாரமா இங்க மழை இல்ல" என்றார். பெய்கிற மழையைச் சருகும் பாசியும் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுமாம். கீழே இருக்கும் பல கிராமங்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

வெளியே வந்து ரோட்டோரம் உட்கார்ந்து, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றையும் வேகவைத்த மல்லாட்டையையும் காலி செய்தோம். நண்பர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் மனசு ஊரில் இருந்தது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரைக்கும் பக்கத்து மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை. வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதி! எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அப்பாவின் மளிகைக் கடையில் அரிசி, பருப்பு, கடன் நோட்டு எல்லாம் போச்சு. நஷ்டக் கணக்கு எழுதியது நான்தான். அன்றிலிருந்து அம்மாவுக்கு வேறு இடம் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மாமா ஒருவர் மலிவாக ஒரு மனை காட்டினார். நான் மலையிலிருந்து வந்ததும் அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. ஏரிக்குக் கீழே, நல்லா மேடாக்கி, செம்மண் கொட்டி, கல் நட்ட மனை.

மேடாக்குவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? மலை இறங்கும் பஸ்ஸில் இதுவேதான் ஓடியது. சரித்திரத்தில் இப்படித்தான் நீலகிரிப் புல்வெளியைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்து வெள்ளைக்காரன் சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டான். சும்மா கிடப்பதுபோல் தெரிகிற நிலம் செய்யும் வேலையை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை.

வீட்டுக்கு வந்து, "அப்பா, ஒரு தடவை புலப்படத்தைப் பாத்துட்டுக் குடுக்கலாம்" என்றேன். அப்பா பதில் பேசவில்லை. மறுநாள் டி.வி.எஸ். ஐம்பதை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் போனார். படத்தில் மனைக்கு நடுவாக வாய்க்கால் போகிறது.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நாங்கள் அதே பழைய வீட்டில்தான் இருக்கிறோம், அம்மா அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறார்.

ஒரு விஷயம். 2024 ஜனவரியில் லாங்வுட் சோலை ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துக் கழுவெளியும் சேர்ந்தது. எங்கள் பக்கத்து ஏரிகள் பலவற்றின் தண்ணீர் போய்ச் சேரும் இடம். இருபது வயசு தாண்டியும் நான் இன்னும் அதைப் பார்த்ததில்லை. அடுத்த பிக்னிக் அங்கேதான், அப்பாவையும் கூட்டிக்கொண்டு.