நாலு ஓட்டை

நண்பரின் பொலிரோ கேம்பரில் வின்ச் இருந்த இடத்தில் நாலு ஓட்டைதான் மிச்சம். யாரோ இரவோடு இரவாக வண்டிக்கு அடியில் படுத்து, பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் நாலு போல்ட்டையும் கழற்றி, முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும் இயந்திரத்தைத் தூக்கிப் போயிருக்கிறார்.

அந்தமானில், சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச் என்பது ஆடம்பரமில்லை. மே மாதம் பிடிக்கும் மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும்; ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். திக்லிபூர் போகும் நீண்ட டிரங்க் சாலையில் மரம் சாயும். தோட்டத்துப் பாதைகளில் சக்கரம் அச்சு வரை இறங்கும். நண்பர் கடன்பட்டு இன்னொரு வின்ச் வாங்கினார். சென்னையிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது. அதை மாட்டும் அன்று நானும் கூடவே ஷாதிபூர் போனேன்.

ஷாதி என்றால் கல்யாணம். 1858-இல் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்தின் காலத்தில், கைதிகளுக்கு மணம் முடித்துக் குடிவைத்த இடம் இது என்று ஊரில் சொல்வார்கள். போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அதன் ஒரு பகுதியான ஷாதிபூரின் பெயர் மாறவில்லை. நாங்கள் போன பட்டறை தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவருடைய அப்பா ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். உதவிக்கு நிற்கும் வங்காளிப் பையன் அவரை "உஸ்தாத்" என்கிறான். இருவருக்கும் பேச்சு இந்தி. எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

நண்பர் கடையிலிருந்து வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்தார். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட். பெரியவர் ஒன்றை எடுத்துத் தலையைக் கட்டைவிரலால் துடைத்துப் படித்தார்: ஏ2-70.

"தம்பி, இது துருப்பிடிக்காதுன்னு வாங்கிட்டு வந்தீங்க. ஆனா இழுத்தா நீண்டுடும். வின்ச்சோட கால் அலுமினிய வார்ப்பு. உப்புக் காத்துல ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் ஒட்டிக் கிடந்தா அலுமினியத்தைத்தான் தின்னும்."

டப்பாவைக் கிளறி மங்கிய சாம்பல் நிறத்தில் நாலு போல்ட் எடுத்து வைத்தார். தலையில் 8.8. முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை முறியாது என்பதற்கு. அடுத்த எட்டு, அந்த வலுவில் 80 விழுக்காடு வரை இழுத்தாலும் விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும் என்பதற்கு. 10 மில்லிமீட்டர் போல்ட்டில் மரையின் பள்ளத்தைக் கழித்தால் வேலை செய்யும் பரப்பு 58 சதுர மில்லிமீட்டர். அப்படியானால் நேராக இழுத்து முறிக்க ஒரு போல்ட்டுக்கு 4,700 கிலோ விசை வேண்டும். குறுக்கே வெட்டுவதற்கு அதில் சுமார் அறுபது விழுக்காடு போதும். நாலுக்கும் சேர்த்து 11,000 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இந்த வின்ச்சின் இழுவை 4,300 கிலோ. கணக்கு இடம் கொடுக்கிறது.

"அண்ணே, 12.9 போட்டா இன்னும் வலுவாச்சே?" என்றேன்.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து முறிந்த போல்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முறிந்த முகம் உடைத்த கற்கண்டு போலச் சொரசொரப்பாக இருந்தது. நீளவுமில்லை, வளையவுமில்லை. மிகக் கடினமான எஃகுக்கு மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிட்டால், மாட்டிய சில நாளில் அது சொல்லாமல் கொள்ளாமல் முறியும். துருவும் அதே வேலையைச் செய்யும். கடலோரத்தில் வலு கூடக்கூட முறிவும் திடீரென்று வரும் என்பதை அந்தத் துண்டு எனக்கு எந்தப் பாடப்புத்தகத்தையும்விடத் தெளிவாகக் காட்டியது.

போல்ட்டின் நீளத்தைத் தேர்வதற்கே அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். மரையில்லாத மொழுக்கைப் பகுதி, வின்ச்சைத் தாங்கும் தகடும் வின்ச் காலும் சேரும் இடத்தைத் தாண்டி நிற்க வேண்டும். வெட்டுவிசை மரைப் பள்ளத்தில் விழக்கூடாது. நீளம் கூடி முனை அடியில் முட்டினால் ஸ்பேனருக்கு டைட் ஆனதுபோல் தெரியும், தகடு பிடித்திருக்காது.

திருட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் உயர் அழுத்த மின்கோபுரங்களின் அடிப்பகுதியில் ஒருவகை நட் போடுவார்கள். இறுக்கும்போது அதன் ஆறுமூலைத் தலை முறிந்து விழுந்துவிடும். மிஞ்சும் கூம்பை எந்த ஸ்பேனரும் பிடிக்காது. நண்பருக்கு அதுதான் வேண்டும். பெரியவர் ஒப்பவில்லை. கோபுரத்தை யாரும் கழற்றிச் சர்வீஸ் செய்வதில்லை. வின்ச் மோட்டாருக்குள் தண்ணீர் போனால் இறக்கித்தான் ஆகவேண்டும். திருடனுக்கு மூடிய வழி அன்றைக்குச் சொந்தக்காரருக்கும் மூடியிருக்கும். போல்ட்டைத் தகட்டோடு பற்றவைத்துவிடலாமா என்றதற்கு அவர் முகமே சுருங்கியது. 8.8-இன் வலு சூட்டில் பதப்படுத்தி வந்தது. வெல்டிங் சூடு அதைக் கெடுத்துவிடும்.

"சுமக்கற போல்ட் வேற, காவல் காக்கற போல்ட் வேற. ரெண்டு வேலையையும் ஒண்ணுகிட்ட குடுக்கக் கூடாது."

அன்று நான் கேட்டவற்றில் இதுதான் என்னோடு வந்தது. சுமக்க 8.8 நாலு. அவற்றின் தலைகளை அடியிலிருந்து மூட 5 மில்லிமீட்டர் தகடு ஒன்று. அதைப் பிடிக்கும் நட்டுகளை, வின்ச் ஏறுவதற்கு முன்பே பம்பர் சட்டத்தில் பற்றவைத்திருந்தார். தகட்டுக்கு உருண்டைத் தலைத் திருகுகள்: தலையில் ஆறு இதழ்ப் பள்ளம், நடுவில் சின்ன ஊசி. ஓட்டை போட்ட சாவி இருந்தால்தான் திரும்பும். அந்தத் தலையில் சதை குறைவு, வின்ச்சைப் பிடிக்க ஆகாது. மூடியைப் பிடிக்கப் போதும். தண்ணீர் தேங்காமல் இருக்கத் தகட்டில் மூன்று துளைகளும் போட்டார். கிரைண்டரோடு வருபவனை எந்தத் திருகும் நிறுத்தாது. ஆனால் கிரைண்டர் சத்தம் தெருவையே எழுப்பும்.

டார்க் ரெஞ்ச்சை 45 நியூட்டன்-மீட்டரில் வைத்து, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினார். மரையில் கிரீஸ் தடவவில்லை. தடவினால் அதே 45-இல் போல்ட் கூடுதலாக இழுபட்டுவிடும் என்றார். துருவுக்குக் காவலாக இறுக்கிய பிறகு தலையைச் சுற்றி மெழுகு அடித்தார். பையன் ஒவ்வொரு தலையிலிருந்தும் தகடு வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்தான். போல்ட் அசைந்தால் கோடு உடைந்து காட்டும்.

மூடித் தகட்டை உடனே மாட்டவில்லை. எதிரில் நின்ற லாரியில் கொக்கியைக் கோத்து, மெதுவாக ஒருமுறை சுமை கொடுத்துத் தளர்த்தினார்கள். பெரியவர் மறுபடி வண்டிக்கு அடியில் போனார். மூன்று கோடுகள் அப்படியே இருந்தன. இடது பின்மூலைப் போல்ட்டை ரெஞ்ச் கால் சுற்று ஏற்றிக்கொண்டது. பழைய பெயின்டைத் துணியால் துடைக்கச் சொல்லி, பையனிடமிருந்து பிரஷ்ஷை வாங்கி, அந்தக் கோட்டை மட்டும் தானே இழுத்தார்.