கதை யாருக்கு லாபம்?

கல்லூரி விடுதிகளுக்குப் பேசப் போகும்போதெல்லாம் எங்களிடம் ஒரு கேள்வி வருகிறது. "அண்ணா, இந்த நாடகக் காதல்ங்கறது நிஜமாவே நடக்குதா?" கேட்பவர் பெரும்பாலும் நம் சேரிப் பிள்ளைதான். எதிரி கட்டிய கதை நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

2012 நவம்பர் 7. இளவரசன் வேறு சாதிப் பெண்ணைத் திருமணம் செய்திருந்தார். பெண்ணின் தந்தை இறந்த அன்று, தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடிக் கொளுத்தப்பட்டன. வீடிழந்தவர்கள் நாம். ஆனால் சில வாரங்களிலேயே கூண்டில் நிறுத்தப்பட்டவர்களும் நம் இளைஞர்கள்தான். ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்றார் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ். சாதிச் சங்கங்களை ஒரே மேடைக்குக் கூட்டினார். 2011இல் 30 சட்டமன்றத் தொகுதிகளில் நின்று மூன்றில் மட்டும் வென்ற கட்சி, 2014இல் தருமபுரி மக்களவைத் தொகுதியைப் பிடித்தது. கதை மட்டுமே வெற்றி தந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அது பொழுதுபோகாமல் சொன்ன கதையும் அல்ல.

இந்தக் கதை செய்யும் வேலையைப் பாருங்கள். இரண்டு பேர் எடுத்த முடிவை ஒரு சமூகத்தின் சதித்திட்டமாக்குகிறது. பெண்ணுக்குச் சொந்த புத்தியே கிடையாது என்கிறது. இருவரும் பிரிந்தால், "பார்த்தீர்களா, நாடகம்" என்பார்கள். சேர்ந்து வாழ்ந்தால், "நாடகம் இன்னும் முடியவில்லை" என்பார்கள். எப்படி நடந்தாலும் கதை தோற்காது. கடைசியில் கொளுத்தியவன் 'மானம் காத்தவன்' ஆகிறான். 'லவ் ஜிகாத்' என்பதும் இதே அச்சில் வார்த்ததுதான். அப்படி ஒரு வழக்கும் மத்திய விசாரணை அமைப்புகளிடம் பதிவாகவில்லை என்று 2020 பிப்ரவரியில் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. கதை நின்றுவிட்டதா?

எங்கள் தவறையும் சொல்ல வேண்டும். 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தார். அன்றிரவு கையில் ஆதாரமில்லாமல் "இன்னார்தான் செய்தது" என்று எழுதிப் பரப்பினோம். வழக்கறிஞர் அக்கா ஒருவர் கேட்டார்: "இதைக் கோர்ட்டுல வந்து யாருப்பா சொல்லப் போறீங்க?" எங்களிடம் பதில் இல்லை. கோபம் நியாயமானதுதான். ஆனால் நாங்களும் ஒரு கதையைத்தான் கட்டியிருந்தோம்.

2015 ஜூனில் கோகுல்ராஜும் தண்டவாளத்தில்தான் கிடந்தார். காதல் தோல்வி, தற்கொலை என்று கதை தயாராக இருந்தது, கடிதத்தோடு. அதை உடைத்தது நம் முழக்கம் மட்டுமல்ல. திருச்செங்கோடு கோயில் கண்காணிப்புக் கேமராவின் காட்சிகளும், விடாமல் நீதிமன்றப் படியேறிய ஒரு தாயும் சேர்ந்துதான் உடைத்தார்கள். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது.

அதனால் இப்போது விடுதித் தம்பி கேட்டால், "அப்படி எதுவும் இல்லப்பா" என்று மறுப்பதோடு நாங்கள் நிறுத்துவதில்லை. திருப்பிக் கேட்கிறோம்: இதை யார் சொன்னது? எப்போது சொன்னார்? சொன்னதால் யாருக்கு லாபம்? யார் வீடு எரிந்தது?

பதிலைத் தம்பியே சொல்லிவிடுகிறார்.