இரண்டு கிதாரும் ஒரு மேக ராத்திரியும்

சனிக்கிழமை சாயங்காலம் போனால் தொலைநோக்கியில் வானம் காட்டுவார்கள் என்று நம்பி, வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலை ஏறினோம். ஆலங்காயம் தாண்டும்போதே மேகம் கூடிவிட்டது. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தை நெருங்கியபோது நல்ல மழை. வேறு வழியில்லாமல் காரிலேயே உட்கார்ந்து, ‘விஷ்போன் ஆஷ்’ என்ற ராக் குழுவின் ‘ஆர்கஸ்’ ஆல்பத்தைப் போட்டேன்.

யோசித்துப் போட்டதில்லை. ஆனால் ஆர்கஸ் கிரேக்கக் கதையில் நூறு கண்ணுள்ள காவல்காரன். ஆல்பத்தின் அட்டையிலும் ஈட்டி பிடித்த வீரன் ஒருவன் முதுகு காட்டி நிற்கிறான். நான் இருந்த ஊரோ காவலூர். ஆல்பம் வந்தது 1972. இங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியை நிறுவியதும் அதே வருஷம்தான்.

1969இல் இந்தக் குழுவைத் தொடங்கிய மார்ட்டின் டர்னரும் ஸ்டீவ் அப்டனும் கிதார் வாசிக்க ஒரே ஒருவரைத்தான் தேடினார்கள். ஆண்டி பாவெல், டெட் டர்னர் இருவரில் யாரை விடுவது என்று புரியாமல் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டார்கள். (டர்னர்கள் இருவரும் உறவுக்காரர்கள் இல்லை.) ப்ளூஸ், கொஞ்சம் ஜாஸ், இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாட்டு எல்லாம் அவர்கள் இசையில் கலந்தன. ‘ஆர்கஸ்’ஸின் ‘டைம் வாஸ்’ பாட்டில் முதல் சில நிமிஷம் கிராமத்துத் திண்ணைபோல இருக்கும், பிறகுதான் ஓட்டம்.

நமக்கு இரட்டை நாயனம் பழகிய காது. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு வாசித்த மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களைக் கண்ணை மூடிக் கேட்டால், ஊதுவது ஒருவரா இருவரா என்று சந்தேகம் வரும். பாவெலும் டெட்டும் அப்படி ஒட்டிப்போவதில்லை. ஒருவர் ஸ ரி க என்று ஏறும்போது மற்றவர் க ம ப என்று கூடவே ஏறுவார். இதை முதன்முதலில் கேட்ட என் அப்பா, “ஒருத்தன் ஸ்வரம் தப்பிட்டான்டா” என்றார்.

தப்பில்லை, அந்த இடைவெளியில்தான் இனிப்பு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இஷ்டத்துக்குக் கமகம் போட்டால் இடைவெளி கலைந்துவிடும், அதனால் ஸ்வரங்கள் பெரும்பாலும் நேராகவே நிற்கும். ஒரு கல்யாணி ஆலாபனை கேட்ட கையோடு கேட்டால் வறட்சியாகத்தான் இருக்கும். ‘தின் லிஸி’, ‘அயர்ன் மெய்டன்’ என்று பின்னால் இந்த வழியில் வந்தவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். எனக்கென்னவோ ‘ஆர்கஸ்’ஸின் நிதானம்தான் பிடிக்கிறது.

டெட் 1974இல் விலகினார். பாவெல் பக்கத்தில் உடனே இன்னொரு கிதார் வந்து நின்றது. காவலூரில் அன்று மழை விடவே இல்லை.