ஒன்பதாவது நிரல்

குடும்பத்தோடு வெளிநாட்டுத் தீம் பார்க்குக்குப் போவதற்கு நாள் திட்டம் போடுகிற வேலையை ஒருத்தரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை. வீட்டில் எக்செல் தெரிந்தவர், இணையத்தில் ஆங்கிலத்தில் தேடி வாசிக்கக் கூடியவர், "கம்பசில சும்மாதானே இருக்கிறாய்" என்று சொல்ல வசதியானவர் யாரோ, அவரின்ர தலையில்தான் அது வந்து விழும். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு மூன்றும் பொருந்தும்.

இடம், சிங்கப்பூரின் சென்டோசாத் தீவில் இருக்கிற யூனிவர்சல் ஸ்டூடியோஸ். ஆட்கள் எட்டுப் பேர். இங்கேயிருந்து அம்மம்மா, அம்மா, நான், தம்பி. கனடாவிலிருந்து மாமா, மாமி, அவர்களின் 14 வயது மகன், 8 வயது மகள். அப்பா கடையைப் பூட்டிப்போட்டு வர ஏலாது என்றிட்டார். ஏன் சிங்கப்பூர் என்றால், மாமா 2006இல் போனவர், அதற்குப் பிறகு இலங்கைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை எங்கட வீட்டில் ஒருத்தரும் உரத்துக் கதைப்பதில்லை. வாசிக்கிற உங்களில் கனபேருக்கு அது சொல்லாமலே விளங்கும். அம்மம்மாவுக்கு 76 வயது. ரொறன்ரோ வரைக்கும் பிளேனில் இருக்க முழங்கால் விடாது. சிங்கப்பூர் கொழும்பிலிருந்து நாலு மணித்தியாலம்தான், எங்கட பாஸ்போட்டுக்கு முன்கூட்டி விசா எடுக்கவும் தேவையில்லை. இப்படிச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ சொந்தங்களைச் சந்தித்துவிட்டு வருகிற குடும்பங்கள் எங்கட ஊரில் ஒன்றிரண்டு இல்லை.

திட்டத்தில் பார்க் கடைசியாகத்தான் வந்தது. முதல் பிரச்சினை திகதி. கனடாவில் செப்டெம்பர் முதல் திங்கள் லீவு கழிய பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். அம்மம்மாவோ நல்லூர்க் கொடியேறினால் தீர்த்தம் முடியாமல் யாழ்ப்பாணத்தை விட்டு அசைய மாட்டா. 2025இல் தேர் ஓகஸ்ட் 21, தீர்த்தம் 22. மிஞ்சியது ஒரு கிழமை. அதற்குள்ளே 27ஆம் திகதி விநாயகர் சதுர்த்தி, அன்றைக்கு அம்மம்மா விரதம். விரதக்காரியைக் கொண்டுபோய் வெயிலில் மினியன் பொம்மைகளுக்கு நடுவில் இருத்த ஏலாது. அதனால் 27 சிலோன் ரோட்டில் இருக்கிற செண்பக விநாயகர் கோயிலுக்குப் போனது. இலங்கையிலிருந்து போன தமிழர் ஆதரித்து வளர்த்த கோயில் என்று சொன்னதும் அம்மம்மாவுக்குச் சிங்கப்பூரில் ஒரு நம்பிக்கை வந்தது. மற்றது தூக்கம். கோடையில் ரொறன்ரோவுக்கும் சிங்கப்பூருக்கும் சரியாக 12 மணித்தியால வித்தியாசம். பகல் இரவு அப்படியே தலைகீழ். வந்திறங்கிய பிள்ளையள் முதல் இரண்டு நாளும் பின்னேரம் இரண்டு மணிக்கே சுருண்டு படுத்துவிடும். இவ்வளவையும் கழித்தால் பார்க்குக்கு 28, வியாழக்கிழமை. வேலைநாள் என்பதால் சனமும் குறைவாக இருக்கும் என்ற கணக்கு.

அடுத்தது உயரம். வயதை விட உயரம்தான் அங்கே முக்கியம் என்று இதற்கு முதல் எனக்குத் தெரியாது. ட்ரான்ஸ்ஃபோமர்ஸில் ஏற 102 சென்ரிமீற்றர் வேணும். ஜுராசிக் பார்க் ஆற்றில் சுழன்று போகிறதுக்கு 107. இருட்டுக்குள் ஓடுகிற மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122. ஒன்றையொன்று துரத்துகிற இரட்டை ரோலர் கோஸ்டருக்கு, பட்டில்ஸ்டார் கலக்டிகாவுக்கு, 125. மாமாவின் மகளை ஸ்காபரோ வீட்டுக் கதவுநிலையில் நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டு, படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். 120. இரண்டு சென்ரிமீற்றருக்காக அவள் அழுத அழுகை ஒரு வொய்ஸ் மெசேஜாகவும் வந்தது.

மாமாவின் மகன் தானே ஒரு திட்டம் போட்டு அனுப்பியிருந்தான். உண்மையில் நல்ல திட்டம். பத்து மணிக்குக் கதவு திறக்க முதலே வாசலில் நிற்கவேணும், முதல் மணித்தியாலத்தில்தான் வரிசை சின்னனாக இருக்கும். புதிதாகத் திறந்ததுக்கு எல்லாரும் ஓடுவார்கள், அந்த வருடம் பெப்ரவரியில் திறந்த மினியன் லாண்டுக்குத்தான் கூட்டம் போகும், ஆகவே ஒன்றில் முதல் ஆளாகப் போகவேணும், இல்லாவிட்டால் கடைசி மணித்தியாலத்துக்குத் தள்ளவேணும். சாப்பாட்டைப் பதினொன்றுக்கே முடித்தால் மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரம் நாங்கள் வரிசையில் நிற்கலாம். பார்க் நடுவில் ஒரு குளத்தை வைத்துச் சுற்றிவரக் கட்டியது, எனவே குறுக்கே அலையாமல் வட்டமாகப் போகவேணும். இதையெல்லாம் 14 வயதில் யோசித்திருக்கிறான். விஞ்ஞானபீட நண்பி ஒருத்திக்குக் காட்டினேன். பத்து ரைட்களை எந்த ஒழுங்கில் போவது என்பதற்கே 36 இலட்சத்து 28 ஆயிரத்து 800 வழிகள் இருக்கு, ஊர் ஊராகப் போகிற வியாபாரிக்குக் குறுக்கு வழி தேடுகிற பழைய கணக்கும் இதுவும் ஒரே குடும்பம் என்றாள். பிறகு, "உன்ர மச்சான்ர மூளை பிழையில்லை" என்றும் சொன்னாள்.

அவன் ஷீட்டில் ஆளுக்கொரு நிரல், எட்டு நிரல். மணித்தியாலத்துக்கு ஒரு நிரை. காலை பத்திலிருந்து பின்னேரம் ஏழு வரை ஒன்பது நிரை. அம்மம்மாவின் நிரலைப் பார்த்தேன். ஒன்பது பெட்டியிலும் ஒரே சொல்: பெஞ்ச். எங்கட பாசையில் வாங்கு. வாங்கு, வாங்கு, வாங்கு என்று கீழே வரைக்கும்.

அவனில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அம்மம்மாவை அவன் கண்டதெல்லாம் போன் திரையில். திரைக்குள் அம்மம்மா எப்போதும் ஒரு கதிரையில்தான் இருந்திருக்கிறா.

நான் பக்கத்தில் ஒன்பதாவது நிரல் ஒன்று போட்டேன். தலைப்பு: எட்டுப் பேரும் ஒரே இடத்தில் இருக்கிற நிமிடம். அவன் திட்டத்தின்படி கூட்டிப் பார்த்தால் 540 நிமிடத்தில் 45. அதுவும் சாப்பாட்டு நேரம்.

இந்த நேரத்தில்தான் மாமா கோல் எடுத்தார். "பிள்ளை, பார்க்குக்கு ரெண்டு நாள் போடு. வெள்ளிக்கிழமையும் சேர்த்து. பிள்ளையள் ஆசைப்படுகுதுகள்." பிள்ளையள் அப்படிக் கேட்கவில்லை, எனக்குத் தெரியும், மகனோடு நான் ஒவ்வொரு நாளும் சற் பண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் மரக்கறி வெட்டினா. பிறகு, "அவனுக்கு அம்மாவோட சும்மா இருக்கப் பயம்" என்றா. 2014இல் அம்மப்பா செத்தபோது ஒரே ஆம்பிளைப் பிள்ளை வரவில்லை. கொள்ளி வைத்தது பெரியம்மாவின் மகன். செத்தவீட்டு வீடியோவை மாமாவுக்கு அனுப்பினார்கள். அதைப்பற்றி அவரும் அம்மம்மாவும் பதினொரு வருடமாகப் போனில் ஒரு வசனம் கதைத்ததில்லை. சாப்பிட்டீங்களோ, மருந்து எடுத்தீங்களோ, அங்க குளிரோ என்பதோடு கோல் முடியும்.

தீம் பார்க்கில் ஒருத்தரோடொருத்தர் கதைக்கத் தேவையே இல்லை. எங்கே திரும்பினாலும் சத்தம், வெளிச்சம், அடுத்தது எங்கே என்கிற அவசரம். மாமாவுக்கு அது நன்றாக விளங்கியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவது நாளை நான் போடவில்லை. ரிக்கற் விலையைச் சாட்டினேன். பெரிய ஆளுக்கு ஏறக்குறைய 80 சிங்கப்பூர் வெள்ளி, எங்கட காசில் 18 ஆயிரத்துக்கு மேல், 60 வயது தாண்டியவர்களுக்குத்தான் அதில் கிட்டத்தட்டப் பாதி. "காசு பிரச்சினை இல்லை பிள்ளை" என்றார். வரிசையைத் தாண்டிப் போகிற எக்ஸ்பிரஸ் பாஸ் எட்டுப் பேருக்கும் எடுக்கிறேன் என்றும் சொன்னார். அதன் விலை நாளுக்கு நாள் மாறும், சில நாளில் ரிக்கற்றையே தாண்டிவிடும். தம்பிக்கும் மகனுக்கும் மட்டும் போதும், மற்றவர்கள் ஏறப்போவதே நாலைந்து ரைட் என்று மறித்தேன். எங்கட தலைமுறைக்கு வரிசை புதுசில்லைத்தானே. 2022இல் அப்பா இரண்டு இரவு பெற்றோல் கியூவில் நின்றவர். முன்னுக்கு நின்ற ஓட்டோக்காரர் இன்றைக்கும் தைப்பொங்கலுக்கு எங்கட வீட்டுக்கு வருகிறார்.

கடைசியாக வந்த திட்டம் இப்படி. 17 ரைட் பதினொன்றாகக் குறைந்தது. அதற்கு நட்டஈடாகப் பின்னேரம் ஐந்திலிருந்து ஏழு வரை முழுக்க மகனின் ஆட்சி, ஒருத்தரும் மறிக்கக் கூடாது. நடுவில் வோட்டர்வேர்ல்ட் காட்சி, நேரம் குறித்து நடக்கிற ஒன்று என்பதால் மற்ற எல்லாத்தையும் அதைச் சுற்றித்தான் அடுக்க வேணும். காட்சி 20 நிமிடம்தான், ஆனால் இடம்பிடிக்க அரை மணித்தியாலம் முந்திப் போய் இருக்கவேணும். முன் வாங்குகளில் இருந்தால் நனைவோம், ஆகவே பின்னுக்கு. அந்தக் காட்சியில் துப்பாக்கிச் சத்தமும் வெடியும் நெருப்பும் இருக்கிறது. அதை அம்மம்மாவுக்கு முன்னமே சொல்லிவைத்தேன். "விளையாட்டு வெடியோ நிச வெடியோ எண்டு எனக்குத் தெரியாதே மோனை" என்றா. பின்னேரம் இரண்டரைக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் வெறும் பெட்டி. சிங்கப்பூரில் அந்த நேரம் மழை வந்தால் இடியோடு வரும், மின்னலுக்கு வெளியில் இருக்கிற ரைட்களை நிறுத்துவார்கள். வாசலடி ஹொலிவூட் தெருவுக்குக் கூரை இருக்கிறது, அதற்குக் கீழே இருப்போம் என்று போட்டேன். ஒன்பதாவது நிரல் 170க்கு வந்தது.

அன்றைக்கு நடந்ததை முழுக்க எழுதினால் மகன் வந்து பிழை திருத்துவான். காலையில் திட்டம் நிமிடக் கணக்கில் ஓடியது. சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்தபோது அம்மம்மா, "நான் என்ன ஆஸ்பத்திரிக்கோ வந்தனான்" என்று அரை மணித்தியாலம் அதைத் தன் கைப்பையை வைக்கத்தான் பயன்படுத்தினா. பிறகு தானே ஏறி இருந்தா. மாமா தள்ளினார்.

மகளுக்கு மினியனோடு நின்று படம் எடுக்கவேணும். ஷீட்டில் அது 15 நிமிடம், மகளும் மாமியும். மாமி அம்மாவோடு மழைக்கோட்டு வாங்கப் போனதால், வரிசையில் நின்றது மகள், மாமா, நாற்காலியில் அம்மம்மா, பின்னுக்கு நான். மாமா நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஒருத்தரின் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. அப்படி நிற்கும்போதுதான் கேட்டார்.

"அப்பா கடைசியா என்னம்மா கதைச்சவர்?"

"கடைசி ரெண்டு நாளும் கதையில்லைத் தம்பி. அதுக்கு முதல் நாள் ரேடியோவுக்குப் பற்றறி வாங்கிப் போடச் சொன்னவர்."

"வீடியோவில மழை மாதிரி இருந்தது."

"ஓம், நல்ல மழை. விறகு பத்தக் கஷ்டப்பட்டுப்போச்சு."

மாமா பின்னுக்கு நின்ற ஒரு குடும்பத்தைப் பார்த்து, நீங்கள் முன்னுக்குப் போங்கோ என்று கையைக் காட்டினார். அவர்கள் போனார்கள். அடுத்து வந்த இரண்டு பெட்டையளையும் அனுப்பினார். பிறகு இன்னொரு குடும்பம். மகளுக்குக் கோபம் வந்து, "டாட், இட்ஸ் அவர் டேர்ன்!" என்று காலை உதைத்தாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தனியப் படம் எடுப்பித்தேன். படத்தில் அவள் சிரிக்கவில்லை. திரும்பி வந்தபோதும் அவர்கள் இரண்டு பேரும் வரிசையில்தான் நின்றார்கள், படமெடுக்கப் பிள்ளை இல்லாமலே. நான் கிட்டப் போகவில்லை. பிறகு என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

15 நிமிடம் என்று போட்ட பெட்டி 50 நிமிடம் ஆனது. குறித்து வைத்த காட்சி தவறி, அடுத்த காட்சிக்குத்தான் போனோம். ஜுராசிக் பார்க் ஆற்றை ஷீட்டிலிருந்து அழித்தேன். மகன் என்னைப் பார்த்த பார்வைக்கு, ஐந்து மணியை நாலே முக்காலாக்கிக் கொடுத்தேன். வோட்டர்வேர்ல்டில் முதல் வெடிக்குத் திடுக்கிட்டது மாமாதான். அம்மம்மா அவரின்ர கையில் தட்டி, "உது சும்மா" என்றா. மழையும் வந்தது, ஆனால் ஆறு மணிக்கு, என் கணக்குக்கு மாறாக, மகனின் ஆட்சிக் காலத்தில். பாவம் அவன்.

இதை முகநூலில் இரண்டு வரி எழுதியதும் சில பேர் ஷீட்டைக் கேட்டார்கள். அனுப்பினேன், எட்டு நிரலையும் வெறுமையாக்கிவிட்டு. உயரம் அளவெடுக்க மறக்காதேங்கோ. காட்சி நேரத்தைக் கிளம்புகிற நாளுக்கு முதல் இரவு திரும்பப் பாருங்கோ. வயதானவர் ஒருவர் வந்தால் சக்கர நாற்காலியை அவரைக் கேட்காமலே எடுங்கோ, பேசுவார், பிறகு ஏறுவார். வாசலுக்கு வெளியே சுழலுகிற பெரிய உலக உருண்டைக்கு ரிக்கற் தேவையில்லை, குடும்பப் படத்தைக் காலையில் முகம் வாடமுன்னம் அங்கேயே எடுத்துவிடுங்கோ. நாங்கள் இரவில் எடுத்தோம். எட்டுப் பேரில் மூன்று பேர் கண்ணை மூடியிருக்கிறோம்.

போன மாதம் ஸ்காபரோவிலிருந்து கதவுநிலைப் படம் ஒன்று வந்தது. பழைய பென்சில் கோட்டுக்கு மேலே புதுக் கோடு, 123. அம்மம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தா. கோட்டைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டிருந்த மாமாவின் கையை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவன் மெலிஞ்சு போனான்" என்றா.