ஓரடி தாங்காத அலகசாம்

போகிமான் போட்டிகளில் அலகசாமைக் களமிறக்குகிறவர் ஒரு கறாரான கணக்குக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. அதன் அடிப்படை வேகம் 120, சிறப்புத் தாக்குதல் 135. தற்காப்போ வெறும் 45, உயிர் 55. வேகத்துக்காகவே முழுமையாக வளர்த்த அலகசாம் 50ஆம் லெவலில் 189 வரை போகும். பலரையும் கலங்கடிக்கும் கார்சாம்ப்கூட 169இல் நின்றுவிடுகிறது. ஆனால் உயிருக்கென்று தனியாகப் புள்ளி ஒதுக்காவிட்டால் அலகசாமிடம் இருப்பது 130தான். தாக்கும் பலத்தைக் கூட்டும் சாய்ஸ் பேண்ட் கட்டிய சைசர் முழு பலத்தோடு விடும் ஒரே புல்லட் பஞ்ச் 150க்கு மேல் பறித்துவிடும். அந்தக் குத்து யார் வேகமானவர் என்று பார்ப்பதில்லை, சாதாரணத் தாக்குதல்களை முந்திக்கொண்டு விழும். 189 வேகம் அந்த இடத்தில் செல்லாக்காசு.

அலகசாம் பிறக்கும்போதே இவ்வளவு நொய்ந்ததாக இல்லை. 1996இல் ஜப்பானில் வெளிவந்த முதல் விளையாட்டுகளில் ‘ஸ்பெஷல்’ என்று ஒரே எண்தான். தாக்கவும் அதே 135, தாங்கவும் அதே 135. கிரிட்டிக்கல் அடி விழும் வாய்ப்பும் அன்று வேகத்தைப் பொறுத்தே அமைந்தது. அலகசாமுக்கு அது நூற்றுக்கு 23க்கு மேல். அலகசாமின் சைக்கிக் வகையை அடக்க வேண்டிய ஆவி வகைத் தாக்குதல், விளையாட்டின் நிரலில் இருந்த பிழையால் அதன்மேல் படவே இல்லை. வேகம் என்ற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணியை மிரட்ட முடிந்த காலம் அது.

1999இல் வந்த கோல்ட், சில்வர் அதைக் கலைத்துப்போட்டன. ஸ்பெஷல் இரண்டாகப் பிரிந்ததில் தாங்கும் பக்கம் 85ஆகச் சுருங்கியது. சைக்கிக் தாக்குதல் கொஞ்சமும் உறைக்காத இருள் வகை புதிதாக வந்தது. கூடவே வந்தது பர்சூட். எதிரி பின்வாங்கும் நேரம் பார்த்து அடித்தால் இரட்டிப்பு பலம் பெறும் இருள் வகைத் தாக்குதல் அது. 2006இல் டயமண்ட், பேர்ல் வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. அதுவரை இருள் வகைத் தாக்குதல்கள் எல்லாம் சிறப்புத் தாக்குதல்களாகக் கணக்கிடப்பட்டன. அந்த விதி மாறியதும் பர்சூட் நேராக 45 தற்காப்பின் மேல் விழத் தொடங்கியது. அதே மாற்றத்தில், அதுவரை சிறப்புத் தாக்குதலாக இருந்த நெருப்பு, பனி, மின்சாரக் குத்துகளையும் அலகசாம் இழந்தது. ஒரே விதி கவசத்திலும் ஆயுதத்திலும் சேர்த்து அடித்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்தக் காலத்து ஆட்டம் ஒன்றைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் இதன் வலி புரியும். களத்தில் அலகசாம், எதிரே டைரானிட்டர் வந்து நிற்கிறது. ஓடினால் பர்சூட், உயிர் மிஞ்சாது. நின்றால் கையில் இருப்பது ஃபோகஸ் பிளாஸ்ட் என்ற தாக்குதல். பாறையும் இருளும் கலந்த டைரானிட்டர்மேல் அது நான்கு மடங்காக இறங்கும், பட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. ஆனால் அது குறி தவறாமல் போய்ச் சேர்வது நூற்றுக்கு 70 தடவைதான். முந்தித் தாக்கும் உரிமை அலகசாமுக்கே இருந்தும், அந்த மீதி 30தான் ஆடுகிறவரின் நெஞ்சை அழுத்தும்.

இதற்கெல்லாம் மருந்துபோல் வந்த பொருள் ஃபோகஸ் சாஷ். உயிர் முழுமையாக இருக்கும்போது எத்தனை பெரிய அடி விழுந்தாலும் ஒரு புள்ளியை மிச்சம் வைக்கும். அதுவும் 2006இல்தான் வந்தது, அதன் எதிரியான ஸ்டெல்த் ராக்கும் அப்போதே வந்தது. அது பரப்பும் மிதக்கும் கற்கள் நடுவே நுழையும்போதே அலகசாம் எட்டில் ஒரு பங்கு உயிரை இழக்க, சாஷ் பயனற்றுப் போகும். 2010இன் பிளாக், ஒயிட் தலைமுறையில் கிடைத்த மேஜிக் கார்ட் என்ற திறன்தான் அலகசாமைக் காப்பாற்றியது. கல், மணற்புயல், விஷம் என்று நேரடித் தாக்குதல் அல்லாத எதுவும் இனி அதன் உயிரைக் குறைக்காது. சாஷ் அப்படியே இருக்கும். அந்தக் காலத்தில் எதிரணிகள் அலகசாமை வீழ்த்த ஒன்றுக்கு இரண்டு அடி செலவிட வேண்டியிருந்தது.

சாஷ் இருந்தாலும் உள்ளே வரும் வழிதான் முக்கியம். கபடியில் ரெய்டர் போகும் நேரத்தை மற்ற ஆறு பேரின் நிலை தீர்மானிப்பதுபோல, அலகசாமின் நேரத்தைத் தீர்மானிப்பது கூட்டாளிகள்தான். அடி விழும் நேரத்தில் அதை மாற்றி இறக்கினால் அந்த அடியை அதுவே வாங்கும். அதனால் ஆடத் தெரிந்தவர்கள் மெதுவான ஒரு கூட்டாளியைத் தேடுகிறார்கள். எதிரி முதலில் அடிக்கட்டும், கூட்டாளி தாங்கிக்கொண்டு பிறகு விலகட்டும், அந்த இடைவெளியில் அலகசாம் காயமில்லாமல் உள்ளே வரும். அடித்துவிட்டு விலக உதவும் யூ-டர்ன், வோல்ட் ஸ்விட்ச் ஆகியவற்றை மெதுவான போகிமானிடம் கொடுப்பதற்குக் காரணம் இதுவே. அணியின் ஆக வேகமான ஆளுக்கு ஆக மந்தமான ஆள் வாசல் திறந்துவிடுவது இந்த விளையாட்டின் மிக அழகான ஏற்பாடுகளில் ஒன்று.

2019இல் வந்த ஸ்வோர்ட், ஷீல்டில் இந்த ஏற்பாடு உச்சத்துக்குப் போனது. முதல் விளையாட்டில் அலகசாமின் குட்டிப் பருவமான ஆப்ராவுக்குத் தெரிந்த ஒரே வித்தை டெலிபோர்ட். மோதலில் அது காட்டுப் போகிமானிடமிருந்து தப்பியோட மட்டும் உதவியது. இப்போது அது எல்லாருக்கும் கடைசியாகச் செயல்பட்டு, கூட்டாளியைப் பத்திரமாக உள்ளே அழைக்கும் வித்தையாகிவிட்டது. அடிப்படை வேகம் 30 மட்டுமே உள்ள ஸ்லோப்ரோ அடியை வாங்கிக்கொண்டு டெலிபோர்ட் போட்டு மறையும். பர்சூட்டும் அந்த விளையாட்டில் நீக்கப்பட்டது. 2020இல் ஐல் ஆஃப் ஆர்மர் விரிவாக்கத்தோடு அலகசாம் திரும்பி வந்தபோது, டைரானிட்டரைக் கண்டால் முதுகில் அடி விழுமோ என்ற பயமில்லாமல் பின்வாங்கி, வேறு ஒரு நல்ல தருணத்தில் மறுபடி வர அதனால் முடிந்தது.