ரிஷிவந்தியத்தில் ஓடக் கற்றேன்!

"நாற்பத்து நாலு வயசில் ஓட்டமா? வீட்டில் வேறு வேலை இல்லையாமா?" என்று நீங்கள் மோவாயில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது. என் மாமியாரும் அப்படித்தான் வைத்தார்! ஆனால் நான் ஓடினதை விட, ஓடத் தெரியாமல் ஓடிப் பட்ட அவஸ்தையும், என் பிறந்த ஊர் என்னைத் திருத்தின விதமும்தான் சொல்லத் தகுந்தவை. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. "தினமும் நடங்கம்மா" என்றார் டாக்டர். நடந்தேன். நடை மெல்ல ஓட்டமாயிற்று. எங்கள் குடியிருப்பில் நாலைந்து பேர் சேர்ந்து பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தபோது, நானும் கொடுத்துத் தொலைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தினமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவேன். நேற்றை விட இன்று ஒரு நிமிஷமாவது குறைய வேண்டும். மூச்சு இரைக்க, முகம் சிவக்க வீடு திரும்பினால்தான் திருப்தி. மூன்றே மாதம்! முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி. ராத்திரி தூக்கம் வராது. பிள்ளைகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுவேன். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே சோகை. வேகமாவது கூடிற்றா என்றால் அதுவும் இல்லை, குறைந்துகொண்டே வந்தது. "இன்னும் கடுமையாக ஓட வேண்டும் போலிருக்கிறது" என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் அசட்டுத்தனம்.

அந்தச் சமயத்தில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கூட இருப்பதற்காக மார்கழி முழுவதும் ரிஷிவந்தியம் போனேன்.

எங்கள் ஊர்

சேலம் சாலையில் தியாகதுருகத்தில் இறங்கியும் வரலாம், திருக்கோவிலூர் வழியாகவும் வரலாம். நான் பிறந்தபோது தென்னார்க்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. மாவட்டம் மாறினாலும் ஊர் மாறவில்லை. ஊருக்கு நடுநாயகமாக அர்த்தநாரீஸ்வரர் கோவில். அம்பாள் முத்தாம்பிகை. ரிஷிகள் வந்து வணங்கின தலம் என்பதால்தான் இந்தப் பெயர் என்பார்கள். சுவாமிக்குத் தேன் அபிஷேகம் செய்யும்போது மட்டும் லிங்கத்தில் அம்பாள் உருவம் தெரியும் என்பது ஐதீகம். அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் காத்திருப்பார்கள். ஊரைத் தாண்டினால் நெல்லும் கரும்பும்.

வந்த மறுநாளே விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மார்கழிப் பனி. கோவிலில் பாட்டு. வாசலுக்கு வாசல் பெண்கள் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகிக்கொண்டிருந்தார்கள்.

"வாத்தியார் வூட்டுப் பொண்ணுதானே? எப்பம்மா வந்தே?"

"அம்மாவுக்குக் கண்ணு எப்பிடியிருக்குது?"

"ஏன் இப்பிடி ஓடறே, யாரு தொரத்தறாங்க?"

எனக்கோ மூச்சு வாங்குகிறது. பதில் சொல்ல வாய் வரவில்லை. கையை ஆட்டிவிட்டு ஓடிவிட்டேன். அன்று சாயந்திரமே செய்தி வீடு வந்து சேர்ந்தது. "பட்டணத்துக்குப் போனதும் உன் மவளுக்கு மனுஷங்க கண்ணுல படலை போலிருக்கு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஒரே வருத்தம்.

வேறு வழியில்லை. மறுநாளிலிருந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிற வேகத்தில்தான் ஓடினேன். அதை ஓட்டம் என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. மாட்டை ஓட்டிப் போகிறவர் என்னை முந்திக்கொண்டு போனார்! கரும்பு ஏற்றின டிராக்டர் வந்தால் ஓரங்கட்டி நிற்பேன். காலுக்கு மண் பாதை மெத்தென்று இருந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். கால் வலி குறைந்தது. படுத்தால் தூக்கம் வந்தது. அதே பாதையில், அதே பேச்சோடு, இன்னும் கொஞ்சம் தூரம் போக முடிந்தது.

மருமகன் சொன்ன கணக்கு

என் அண்ணன் மகன் கல்லூரியில் 5,000 மீட்டர் ஓடுகிறவன். பொங்கல் லீவுக்கு வந்தவனிடம் இதைச் சொன்னதும் சிரித்தான்.

"அத்தை, ஊர்க்காரங்க உங்களுக்குக் காசு வாங்காம கோச்சிங் குடுத்திருக்காங்க. பேசிக்கிட்டே ஓட முடியுதான்னு பார்க்கறதுதான் முதல் பரீட்சை. முழு வாக்கியமா பேச முடிஞ்சா சரியான வேகம். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினா அதிக வேகம்."

அவன் விளக்கினது இது. நிதானமாக ஓடும்போது இதயம் பலப்படுகிறது, தசைக்குள்ளே பிராணவாயுவைக் கொண்டுபோகிற நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. நெடுந்தூரம் ஓட அதுதான் அஸ்திவாரம். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர் இந்த முறையைத்தான் கையாண்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். வெறும் 800 மீட்டர் ஓடுகிற ஸ்னெல்லும் வாரம் 100 மைல் வரை ஓடிப் பழகினவர்! பிற்காலத்தில் நார்வேயில் ஸ்டீபன் செய்லர் என்ற ஆராய்ச்சியாளர், பெரிய வீரர்கள் தங்கள் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீதத்தை நிதானமாகவும், மீதியை மட்டுமே கடுமையாகவும் செய்கிறார்கள் என்று கண்டார்.

"ஓடும்போது உடம்பு பலமாகறதில்லை அத்தை. ஓடிட்டு ஓய்வு எடுக்கறப்பதான் பலமாகுது" என்றான். மாவு அரைத்த உடனே இட்லி ஊற்றினால் கல்லாகத்தானே வரும்? புளிக்க நேரம் கொடுக்க வேண்டாமா? இத்தனை வருஷம் இட்லி ஊற்றின எனக்கு இது ஏன் தோன்றவில்லை!

இன்னொன்றும் எனக்கே புரிந்தது. ஊரில் நான் தேறினதற்கு மெதுவான ஓட்டம் மட்டும் காரணம் இல்லை. அங்கே சமையல் அண்ணி பார்த்துக்கொண்டார். ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவேன். சென்னையில் ஓடிவிட்டு வந்து நாலு பேருக்குச் சமையல், துணி, மூன்று மாடிப் படி, ராத்திரி பதினொரு மணி. ஓடுகிற களைப்புக்கு ஒரு கணக்கு, வீட்டு வேலைக் களைப்புக்கு ஒரு கணக்கு என்று உடம்பு தனித்தனியாக எழுதுவதில்லை. இரண்டும் ஒரே ஏட்டில்தான் ஏறுகிறது. வீட்டு வேலையை ஓய்வு என்று நாம்தான் நினைத்து ஏமாறுகிறோம்.

கல்வராயன் மலையில்

ஒரு நாள் அண்ணன் எங்களைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போனார். கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு, வெள்ளிமலைக்கு ஏறினோம். மலை 2,000 முதல் 3,000 அடி உயரம். பெரியார் அருவி, மேகம் அருவி என்று அருவிகளும் உண்டு. இங்கே வாழ்கிற பழங்குடி மக்களை மலையாளிகள் என்பார்கள், கேரளத்து மலையாளிகள் அல்ல. தலையில் விறகுக் கட்டோடு இரண்டு பெண்கள் ஏற்றத்தில் போனார்கள். வேகமும் இல்லை, நிற்பதும் இல்லை. காலடியை மட்டும் சின்னதாக்கிக்கொண்டு, ஏதோ கதை பேசியபடியே ஏறினார்கள். நான் இருபது அடி ஓடிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்! ஏற்றத்தில் வேகத்தைக் காப்பாற்றக் கூடாது, மூச்சைத்தான் காப்பாற்ற வேண்டும் என்று அன்று தெரிந்தது. நடந்து ஏறுவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இப்போது என் முறை

சென்னை திரும்பினதும் திட்டம் போட்டேன். வாரம் நாலு நாள் மட்டும் ஓட்டம். மூன்று நாள் பேசுகிற வேகம், அதில் ஒரு நாள் கொஞ்சம் நீண்ட தூரம். ஒரே ஒரு நாள் இரண்டு நிமிஷம் வேகம், இரண்டு நிமிஷம் மெது என்று ஆறு தடவை. அதற்கு மறுநாள் கட்டாய ஓய்வு. தூரத்தை ஒரேயடியாகக் கூட்டாமல் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக அதிக நாள் ஆகும். என் கால் வலிக்குக் காரணம் அதுதான். நீண்ட ஓட்டத்து அன்று காலை டிபன் என் கணவர் பொறுப்பு. முதல் வாரம் முணுமுணுத்தார். இப்போது அவர் செய்கிற உப்புமா என்னுடையதை விட நன்றாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்!

சோகைக்கு டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையோடு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. புளிப்பு இரும்புச் சத்து உடம்பில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவமாகி மூன்று மாதம் வரை ஓட்டம் வேண்டாம், நடை போதும். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டே தொடங்குங்கள். ஓடும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இடுப்புத் தளத் தசைகளுக்குப் பயிற்சி உண்டு, பெரும்பாலும் சரியாகும். எலும்பில் ஒரே இடத்தில் அழுத்தினால் வலி, நெஞ்சு வலி, தலைசுற்றல் இருந்தால் ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும்.

பெண்ணுக்கு நெடுந்தூரம் ஆகாது என்று உலகமே ஒரு காலத்தில் நினைத்தது. 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள், பிறகு 1960 வரை அந்தப் பந்தயமே கிடையாது! பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-ல்தான். நம் புதுக்கோட்டை மாவட்டத்து சூர்யா லோகநாதன் 2016 தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அவரைப் போல் ஆக எனக்கு ஆசையில்லை. பிள்ளைகளுக்கு நோயாளி அம்மாவாக ஆகாமல் இருந்தால் போதும்.

அந்தப் பத்து கிலோமீட்டரை மாசியில் ஓடி முடித்தேன். ஒரு மணி 24 நிமிஷம். வலியும் இல்லை, வீட்டில் யார் மேலும் எரிந்து விழவும் இல்லை.

சித்திரையில் மறுபடி ஊருக்குப் போனேன். அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. திண்ணையில் உட்கார்ந்து நான் வருவதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, நீ ஓடறியா, நடக்கறியா?" என்று குரல் கொடுத்தாள்.

"ஓடறேம்மா. எதிர்வீட்டு அக்காகிட்ட மருமக வளைகாப்பு எப்பன்னு கேட்டுட்டு, பால்காரர்கிட்ட நாளைக்கு அரை லிட்டர் கூடச் சொல்லிட்டு, அப்படியே ஓடி வரேன்!" என்றேன், மூச்சு வாங்காமல்.